பதினாறு பேர் ஏறும் கப்பல்

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், நிலநடுக்கோட்டை ஒட்டிப் பசிபிக் பெருங்கடலில் சிதறிக் கிடக்கும் கலாபகோஸ் தீவுகளில், வெளியிலிருந்து வருபவர் கால்வைத்து நடக்கத்தக்க நிலம் மிகச் சிறிது. ஈக்வடார் நாட்டுக்கு உரிய இத்தீவுகளின் நிலப்பரப்பில் 97 விழுக்காடு தேசியப் பூங்காவாக இருக்கிறது. அந்தப் பூங்காவுக்குள் பார்வையாளர் இறங்கத்தக்க இடங்கள் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன; அவற்றிலும் சிறு முளைகள் நட்டு எல்லை காட்டிய ஒற்றையடிப் பாதையில் மட்டுமே, உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவர் உடன்வர, காலை 6 மணிக்குமேல் இறங்கி மாலை 6 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். மக்கள் குடியிருக்கும் நான்கு தீவுகளை விட்டால் மற்றவற்றில் தங்கும் விடுதியோ கடையோ குடிநீரோ கிடையாது. ஆகையால் இத்தீவுகளின் உயிர்களை அவற்றின் இடத்திலேயே காண விரும்புவோருக்குக் கப்பலே ஊர்தியாகவும் உறைவிடமாகவும் அமைகிறது.

அந்தக் கப்பல் எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்பதையும் சட்டமே முடிவு செய்திருக்கிறது. பூங்கா எல்லைக்குள் பல நாள் சுற்றிவரும் எந்தக் கப்பலும் 100 பயணிகளுக்குமேல் ஏற்றக் கூடாது. உண்மையில் ஓடுபவற்றில் பெரும்பாலானவை 16 முதல் 20 பேர் வரை கொள்ளும் சிறு கப்பல்கள். 16 என்ற எண் தற்செயலாக வந்ததன்று. ஒரு வழிகாட்டியின் பொறுப்பில் கரையிறங்குவோர் 16 பேருக்கு மிகக் கூடாது என்பது பூங்காவின் விதியாதலால், ஒரே வழிகாட்டியுடன் ஒரே குழுவாக இயங்கும்படி கப்பல்களே அந்த எண்ணுக்கு ஏற்பக் கட்டப்படுகின்றன. 100 பேரை ஏற்றும் கப்பலும் தன் பயணிகளை அதே அளவுக் குழுக்களாகப் பிரித்து, முறைவைத்தே இறக்க வேண்டும். இவற்றுள் பல, இரட்டை உடல்கொண்ட கட்டமரான் வகையைச் சேர்ந்தவை. தமிழ்க் கட்டுமரத்திலிருந்து பெயரைப் பெற்ற இவ்வகைக் கப்பல், அகன்ற அடிப்பகுதியால் அலையில் குறைவாக ஆடுகிறது.

பயணத்தின் ஒருநாள் ஒழுங்கும் இந்த விதிகளின் நிழலிலேயே நடக்கிறது. இரவு முழுவதும் ஓடும் கப்பல் விடியற்காலையில் வேறொரு தீவின் அருகே நங்கூரமிட்டு நிற்கும். 'பங்கா' என்று அங்குள்ளோர் அழைக்கும், காற்றடைத்த ரப்பர்ப் படகு பயணிகளைக் கரைக்குக் கொண்டுசெல்லும். பாறையிலோ படித்துறையிலோ கால் நனையாமல் இறங்குவது ஒரு வகை. மணற்கரையில் முழங்காலளவு தண்ணீரில் குதித்து நடப்பது மற்றொரு வகை. எந்த வகை என்பதை முன்னிரவில் வழிகாட்டி சொல்லிவிடுவார். எதற்காக எந்தக் காலணி என்பது அதைப் பொறுத்தே அமையும். காலையில் ஒரு தரையிறக்கம், நண்பகலில் கடலுக்குள் மூச்சுக்குழாய் வைத்து நீந்துதல், மாலையில் மற்றொரு தரையிறக்கம் என்று நாள் கழிய, இருட்டியபின் கப்பல் மறுபடி நகரத் தொடங்கும். மனிதர் எவரும் அந்தத் தீவில் இரவு தங்குவதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பதற்கு விடை, கரையிறங்கிய முதல் நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது. படித்துறையின் மேல் படுத்திருக்கும் கடற்சிங்கம் எழுந்து வழிவிடுவதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியவர் மனிதரே. நீலக்கால் பூபி என்னும் கடற்பறவை நடைபாதையின் நடுவிலேயே முட்டையிட்டு அடைகாக்கிறது. தரையில் வேட்டையாடும் பெரிய பாலூட்டி எதுவும் தானாக வந்து சேராத தொலைவில் இலட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்திருந்ததால், இவ்வுயிர்களுக்குப் பருந்தைக் கண்டு அஞ்சத் தெரிந்த அளவுக்குக்கூட மனிதனைக் கண்டு அஞ்சத் தெரியாது. 1535ஆம் ஆண்டு காற்று நின்றுபோனதால் நீரோட்டத்தில் இழுபட்டு இங்கே வந்து சேர்ந்த பனாமா ஆயர் தோமாஸ் டி பெர்லாங்கா, பறவைகள் ஓடி ஒளியத் தெரியாமல் கைக்கு அகப்படுவதைத் தம் அரசருக்கு எழுதிய மடலிலேயே குறிப்பிட்டார். உயிர்களிடம் அச்சம் இல்லாத இடத்தில் எச்சரிக்கை முழுவதும் வருபவர் பக்கமே இருக்க வேண்டும். எந்த விலங்கிடமிருந்தும் இரண்டு மீட்டர் விலகி நிற்க வேண்டும், ஒளிப்படக் கருவியின் மின்னொளியைப் பயன்படுத்தக் கூடாது, உணவு கொண்டு இறங்கக் கூடாது என்ற விதிகளின் அடிப்படை இதுதான்.

பெர்லாங்காவின் கப்பலைத் தொடர்ந்து வந்த கப்பல்களுக்கு இப்படி எந்த விதியும் இருக்கவில்லை. ஆமையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லால் பெயர்பெற்ற இத்தீவுகளின் பேராமைகள், உணவும் நீரும் இன்றி ஓராண்டு வரை உயிரோடு இருக்கக்கூடியவை. அந்த வலிமையே அவற்றுக்குக் கேடாயிற்று. கடற்கொள்ளையரும், பின்னர் திமிங்கல வேட்டைக் கப்பல்களின் மாலுமிகளும், கெடாத இறைச்சி என்று அவற்றைக் கப்பலின் அடித்தட்டில் அடுக்கிக்கொண்டு போயினர். அவ்வாறு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் அழிந்திருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. 1835இல் சார்ல்ஸ் டார்வின் வந்த பீகிள் கப்பலும் தன் பங்குக்கு ஆமைகளை ஏற்றிச் சென்றது. கப்பலில் இருந்தோர் இறைச்சியைத் தின்றபின், எந்தத் தீவின் ஆமை எவ்வடிவம் கொண்டது என்பதற்குச் சான்றாகியிருக்கக்கூடிய ஓடுகள் கடலில் வீசப்பட்டன. கப்பல்கள் எடுத்துச் சென்றவற்றைவிட விட்டுச் சென்றவை இன்னும் கொடியவை. ஆடு, பன்றி, பூனை, கருப்பு எலி ஆகியவை மாலுமிகளோடும் குடியேறிகளோடும் வந்து இறங்கின. ஆடுகள் ஆமைகளின் தீவனத்தைத் தின்று தீர்த்தன. எலிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. பிண்டா என்ற தீவின் ஆமையினத்தில் எஞ்சியிருந்த ஒரே ஆண், 'தனியன் ஜார்ஜ்' என்று உலகம் அறிந்த அது, தன் இனத்தில் இணை கிடைக்காமலேயே 2012 ஜூன் 24 அன்று இறந்தது. அத்துடன் அவ்வினமும் முடிந்தது.

இழப்பை ஈடுசெய்ய நடந்த உழைப்பும் சொல்லப்பட வேண்டியதே. எஸ்பன்யோலாத் தீவில் 12 பெண்களும் 2 ஆண்களும் மட்டுமே எஞ்சிய நிலையில் அந்த ஆமைகளைச் சாந்தா குரூஸ் தீவுக்குக் கொண்டுவந்து, அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக்காட்சிச் சாலையில் இருந்த மூன்றாவது ஆணையும் சேர்த்துப் பெருக்கினார்கள். ஏறத்தாழ 2,000 குட்டிகள் சொந்தத் தீவுக்குத் திரும்பியபின், 2020இல் அந்த 15 முதிய ஆமைகளும் வீடு சேர்ந்தன. 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலாத் திட்டத்தில், பிண்டா, சந்தியாகோ, வடக்கு இசபெலா ஆகிய பகுதிகளிலிருந்து ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆடுகள் நீக்கப்பட்டன. ஆடு கூட்டத்தைத் தேடிச் சேரும் இயல்புடையதாதலால், கழுத்தில் வானொலிக் கருவி பூட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டு, அவை காட்டிய வழியில் மறைந்திருந்த கூட்டங்களைக் கண்டுபிடித்தார்கள். கொடிய வேலைதான்; செய்யாதிருந்தால் தீவு அழிந்திருக்கும்.

கப்பலில் மேற்கு நோக்கிச் செல்வது, இத்தீவுகளைப் பொறுத்தவரை, முதுமையிலிருந்து இளமைக்குச் செல்வதாகும். பூமியின் மேலோடு பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. இத்தீவுகள் அமர்ந்திருக்கும் நாஸ்கா தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கிழக்கே போகிறது. அதன் அடியில் ஏறத்தாழ நகராமல் நிற்கும் வெப்பமுனை ஒன்று, அதாவது பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஊற்று, தனக்கு மேலே வரும் தட்டைத் துளைத்து எரிமலைகளை எழுப்புகிறது. எழுந்த தீவு தட்டோடு கிழக்கே கொண்டுபோகப்பட்டு, வெப்பத்தைப் பிரிந்து, குளிர்ந்து, தாழ்ந்து, அரிக்கப்பட்டுக் கடைசியில் நீருக்குள் மூழ்குகிறது. எனவே 30 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான வயதுடைய எஸ்பன்யோலா தென்கிழக்கில் தட்டையாகத் தேய்ந்து கிடக்க, மேற்கே இசபெலாவும் ஃபெர்னாண்டினாவும் இன்னும் கனன்றுகொண்டிருக்கின்றன. நிலத்து இகுவானாவும் கடல் இகுவானாவும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த காலம் இன்று தெரியும் தீவுகளின் வயதைவிடப் பழையது என்று மரபணு ஆய்வாளர் கருதுகின்றனர். அக்கருத்துப்படி அவற்றின் முன்னோர் வாழ்ந்த தீவுகள் இன்று கடலடியில் மலைகளாக நிற்கின்றன.

இங்குள்ள பெரிய எரிமலைகள் கேடய வடிவானவை. குழம்பு இளகிய பாகுபோல் நெடுந்தூரம் ஓடிப் படிவதால், கூம்பாக உயராமல், கவிழ்த்து வைத்த கேடயம்போல் அகன்று தாழ்ந்த சரிவுடன் அமைகின்றன. உச்சியில், உள்ளிருந்த குழம்பு வடிந்தபின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டாகும் கால்டெரா என்னும் பெருங்குழி இருக்கும். 1968இல் ஃபெர்னாண்டினாவின் கால்டெராத் தளம் ஒரு பகுதியில் 350 மீட்டர் வரை கீழிறங்கிவிட்டது. 1954இல் இசபெலாவின் மேற்குக் கரையிலுள்ள உர்பினா விரிகுடாவில் கடற்படுகை திடீரென மேலெழ, பவளப் பாறைகள் உலர்நிலத்தில் நின்றுபோயின. பயணிகள் இன்று அவற்றினூடே நடக்கிறார்கள். சந்தியாகோத் தீவின் சல்லிவன் விரிகுடாவில் ஓடி உறைந்த குழம்பு, கயிறு திரித்துப் போட்டதுபோல் மடிப்பு மடிப்பாகக் கறுத்துக் கிடக்கிறது. அதன் வெடிப்புகளில் முதற்குடியாக வேர்பிடிக்கும் சிறு கள்ளி, மண் என்று ஒன்று இன்னும் உருவாகாத இடத்தில் உயிர் எப்படித் தொடங்குகிறது என்பதைக் காட்டுகிறது. எந்த நூலிலும் பெற முடியாத பாடம் அது.

நிலநடுக்கோட்டில் பென்குயின் வாழ்வது எப்படி என்ற ஐயத்தைத் தீர்ப்பது எரிமலை அன்று, கடல். தெற்கிலிருந்து ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. மேற்கிலிருந்து கடலின் மேற்பரப்புக்குக் கீழே ஓடிவரும் குரோம்வெல் நீரோட்டம், ஃபெர்னாண்டினா, இசபெலா ஆகியவற்றின் செங்குத்தான அடிச்சரிவில் மோதி, ஆழத்துச் சத்துகளோடு மேலே பொங்குகிறது. அந்தச் சத்தை உண்டு நுண்பாசி பெருகுகிறது, பாசியை நம்பி மீன் பெருகுகிறது, மீனை நம்பிப் பென்குயினும் பறக்காத நீர்க்காகமும் வாழ்கின்றன. இந்த நீர்க்காகம் உலகில் வேறெங்கும் இல்லை; இவ்விரண்டு தீவுகளின் கரைகளில் மட்டும் ஓரிரு ஆயிரம் என்ற அளவில் இருக்கிறது. உணவு கரையோரத்திலேயே கிடைக்க, துரத்தும் பகையும் இல்லாததால், தலைமுறை தலைமுறையாக அதன் சிறகு குறுகி, இன்று கந்தல் துணிபோல் தொங்குகிறது. நீந்துவதோ வலிய கால்களால். ஃபெர்னாண்டினாவின் எஸ்பினோசா முனையில் அது சிறகை விரித்து உலர்த்தி நிற்பதைக் காண்பது மேற்கு வழிப் பயணத்தின் பெரும்பேறு.

அதே பாறைகளின் மேல், பாறையின் நிறத்திலேயே, நூற்றுக்கணக்கில் கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்து வெயில் காய்கின்றன. கடலுக்குள் இறங்கி இரைதேடும் பல்லியினம் உலகில் இது ஒன்றே. குளிர்ந்த நீருக்குள் பாசி மேய்ந்து உடல் சில்லிட்டு வெளிவருவதால் நெடுநேரம் வெயில் காய்ந்தாக வேண்டும்; உணவோடு உட்சென்ற மிகை உப்பை மூக்கின் அருகிலுள்ள சுரப்பி வழியே தும்மலாகப் பீய்ச்சுகிறது. எல் நினோ ஆண்டுகளில், அதாவது பசிபிக்கின் வெந்நீர் கிழக்கே பரவிக் குளிர்நீரின் எழுச்சியை அடக்கிவிடும் ஆண்டுகளில், பாசி அழிந்து இவை பட்டினி கிடக்கும். அக்காலத்தில் இவற்றின் உடல் நீளமே 20 விழுக்காடு வரை குறைந்து, வளம் திரும்பியதும் மறுபடி வளர்வதை ஆய்வாளர் அளந்து பதிவு செய்துள்ளனர். பென்குயினுக்கு அப்படிச் சுருங்கித் தப்பும் வழி இல்லை. 1982-83 எல் நினோவில் அதன் எண்ணிக்கை 77 விழுக்காடு வீழ்ந்தது.

வடக்கே ஜெனோவெசாத் தீவு ஓர் உடைந்த கால்டெரா. தென்புற விளிம்பு இடிந்து கடல் உட்புகுந்திருப்பதால், கப்பல் எரிமலையின் வாய்க்குள்ளேயே நங்கூரமிடுகிறது. சுற்றுச் சுவர்களில் செங்கால் பூபிகள் மரக்கிளைகளில் கூடு கட்டுகின்றன. தெற்கே எஸ்பன்யோலாவில், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, உலகின் அலைவரி அல்பட்ராஸ் பறவைகள் ஏறக்குறைய அனைத்தும் வந்து குஞ்சு பொரிக்கின்றன. ஜனவரி முதல் மே வரை கடல் வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும், மழை பெய்யும். ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றும் தூறலும் குளிர்நீரும் கூட, அலையும் உயரும். அல்பட்ராஸைக் காண விரும்புபவர், ஏப்ரல், மே தவிர்த்த மாதங்களில், அலையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு வாரத்தில் எல்லாத் தீவுகளையும் பார்த்துவிட முடியாது. 2012 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்கின்படி, எந்தக் கப்பலும் ஒருமுறை பயணிகளை இறக்கிய இடத்துக்கு 14 நாள் கழியும் முன் திரும்பி வரக் கூடாது. ஒவ்வொரு கப்பலின் வழியும், இறங்கும் வேளையும் பூங்கா நிர்வாகமே வகுத்துத் தருவது. புகழ்பெற்ற சில இடங்களிலேயே எல்லாக் கப்பல்களும் குவிந்து பாதை தேய்வதைத் தடுக்க வந்த விதி இது. ஆகவே மேற்கு வழியா, தெற்கும் கிழக்குமா, வடக்கா என்று பயணி முன்கூட்டியே தேர்ந்துகொள்ள வேண்டும். எரிமலையும் பென்குயினும் பறக்காத நீர்க்காகமும் வேண்டுவோர்க்கு மேற்கு வழியே ஏற்றது. கப்பலின் சொகுசை ஒப்பிட்டு நேரத்தைச் செலவிடுவோர் பலர், அது எந்தத் தீவுகளுக்குப் போகிறது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இங்கே வழிதான் முதன்மை.

கப்பல் பயணம் செலவு மிக்கது; ஒரு வாரத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். பூங்கா நுழைவுக் கட்டணமும் 2024 ஆகஸ்ட் முதல் பெரும்பாலான அயல்நாட்டவருக்கு 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்ந்திருக்கிறது. இதனால், ஊர்களில் விடுதியில் தங்கிப் பகற்படகில் அருகிலுள்ள இடங்களுக்குச் சென்று திரும்புவோர் பெருகியுள்ளனர். 1970களில் ஆண்டுக்குச் சில ஆயிரமாக இருந்த வருகை 2023இல் மூன்று லட்சத்தைத் தாண்டியது. கப்பல்களில் உள்ள படுக்கைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டாதலால், இந்த வளர்ச்சி பெரிதும் நிலத்திலேயே நிகழ்கிறது. நிலத்தில் தங்குவோரின் பணம் உள்ளூர்க் குடும்பங்களின் கைக்கு நேராகச் சேர்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. சுமார் 30,000 பேர் வாழும் தீவுகளில் அது சிறிய நியாயம் அன்று. ஆனால் ஒவ்வொரு புது விடுதியும் குடிநீரையும், கழிவு வெளியேற வழியையும், பெருநிலத்திலிருந்து சரக்குக் கப்பலையும் கேட்கிறது. ஒவ்வொரு சரக்குக் கப்பலிலும் பூச்சியோ விதையோ ஒளிந்து வரக்கூடும். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் 1978இல் முதல் தொகுதியிலேயே இடம்பெற்ற கலாபகோஸ், 2007 முதல் 2010 வரை ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலில் வைக்கப்பட்டதற்குக் காரணங்களுள் இந்தக் கட்டற்ற பெருக்கமும் அயல் உயிர்களின் வருகையும் அடங்கும். எண்ணிக்கைக்கு வரம்பிட்டு, நிலத்தில் அடித்தளம் தோண்டாமல், நாளுக்கு நாள் இடம்மாறும் சிறு கப்பலே, இன்றுள்ள வழிகளில் தீவுகளுக்குக் குறைந்த சுமை தருவது என்று கொள்ளலாம்.

அந்தச் சிறு கப்பலும் குற்றமற்றதன்று. அது எரிபொருளில் ஓடுகிறது. எரிபொருளை வேறொரு கப்பல் கொண்டுவர வேண்டும். 2001 ஜனவரியில் சான் கிறிஸ்தோபல் தீவின் துறைமுகத்தருகே தரைதட்டிய ஜெசிகா என்ற எண்ணெய்க் கப்பல், தீவுகளுக்கும் சுற்றுலாக் கப்பலுக்கும் உரிய எரிபொருளையே சுமந்து வந்தது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயின் பெரும்பகுதியைக் கரையிலிருந்து விலக்கிக் கொண்டுபோனதால் பேரழிவு தவிர்ந்தது என்றே அப்போது எண்ணப்பட்டது. ஆயினும் சாந்தா ஃபேத் தீவில் அடுத்த ஓராண்டுக்குள் கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மடிந்தன. கரையில் படிந்த எண்ணெய் மிகக் குறைவே. அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகையால்தான் பெருநிலத்து விமான நிலையத்திலேயே பயணியின் பைகள் திறந்து பார்க்கப்படுகின்றன. பழமும் விதையும் எடுத்து வைக்கப்படுகின்றன. ஒரு தீவிலிருந்து கப்பலுக்குத் திரும்பும்போது காலணியில் ஒட்டிய மணலும் மண்ணும் அடுத்த தீவுக்குப் போகாதபடி கழுவப்படுகின்றன. செல்ல வாய்ப்பவர்கள் இச்சோதனைகளைத் தொல்லையாகக் கருதாமல், காலுறையில் ஒட்டிய ஒரு முள்விதையைக்கூடத் தாமே தேடி எடுத்துவிட்டு இறங்க வேண்டும். கருப்பு எலி வந்திறங்கிய பல தீவுகளில், அங்கேயே தோன்றி வாழ்ந்த நெல்லெலி இனங்கள் அழிந்துபோயின. வெளியிலிருந்து வந்த எந்தப் பாலூட்டியும் இன்றுவரை குடியேறாத ஃபெர்னாண்டினாவில் அந்த நெல்லெலிகள் இரண்டு இனங்களாக இன்னும் வாழ்கின்றன.